சீசன் முடியும்போது அலமாரி ஒழிக்கிறது எப்படி: துணி வீட்டு வாசலைத் தாண்டுற வரைக்கும் படிப்படியா

வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்த வேலையை எங்க வீட்டுல பண்றேன், தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் வீட்டுலயும் கூட உட்கார்ந்து பண்ணிக் கொடுத்திருக்கேன். எல்லாரும் தடுக்கி விழுறது ஒரே இடத்துலதான். காலையில உற்சாகமா அலமாரியில இருக்குற மொத்தத்தையும் இழுத்துக் கட்டில் மேல கொட்டுவாங்க, மத்தியானத்துக்குள்ள கை ஓய்ஞ்சிடும், ராத்திரி படுக்க இடம் வேணுமேன்னு எல்லாத்தையும் சுருட்டி உள்ள திணிச்சுக் கதவைச் சாத்திடுவாங்க. இன்னொரு ரகம் நல்லா பிரிச்சு வைப்பாங்க, ஆனா "கொடுக்கணும்"னு கட்டின மூட்டை கதவுக்குப் பின்னாடி ஆறு மாசம் உட்கார்ந்திருக்கும், ஒருநாள் யாராவது அதைப் பிரிச்சு "இது நல்லாத்தானே இருக்கு"ன்னு பாதியைத் திரும்ப எடுத்துப்பாங்க.

அதனால நான் சொல்ற வரிசை தலைகீழா இருக்கும். துணி எங்க போகப்போகுதுங்கிறது முதல்ல, அலமாரிக் கதவைத் திறக்குறது அதுக்கப்புறம்தான்.

1. எப்ப பண்ணணும்: சீசன் ஆரம்பத்துல இல்ல, முடிவுல

குளிர் வரப்போகுது, ஸ்வெட்டர் எல்லாம் எடுக்கணும், அப்பவே ஒழிச்சிடலாம்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. அந்த நேரத்துல எதையும் தள்ள மனசு வராது, ஏன்னா சீசன் முழுக்க முன்னாடி இருக்கு, இந்த வருஷமாவது போட்டுக்குவேன்னு தோணும். சீசன் முடியும்போது பார்த்தீங்கன்னா பதில் ஏற்கனவே கையில இருக்கும். மூணு நாலு மாசம் குளிர் இருந்துச்சு, இதை ஒருநாள் கூட எடுக்கல, அவ்வளவுதான் கணக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு. இப்பதான் போட்டு முடிச்ச துணியில எது இறுக்குச்சு, எது அரிச்சுது, எதுல ஜிப் மாட்டுச்சுன்னு உடம்புக்கு ஞாபகம் இருக்கும். ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பார்த்தா பார்க்க அழகா மட்டும்தான் தெரியும்.

கொடுக்குறதுக்குன்னு பார்த்தா இதுல ஒரு சிக்கல் உண்டு. குளிர் முடிஞ்சதும் ஸ்வெட்டரைக் கொண்டு போனா சில இடங்கள்ல இடமில்லன்னு வாங்கமாட்டாங்க. அதுக்குத்தான் அடுத்த படி.

2. துணி போற இடத்தை முதல்ல பேசி வையுங்க

ஒரு இடம் போதாது, மூணு வேணும். நேரா போட்டுக்கப்போற ஆளு யாராவது தெரிஞ்சா அதுதான் முதல் இடம், ஏன்னா அளவும் தேவையும் முன்னாடியே தெரியும், வீணாகாது. ரெண்டாவது, துணி வாங்கிக்குற ஆசிரமம், காப்பகம், அறக்கட்டளை மாதிரி ஒரு இடம், இல்லன்னா பழைய துணியை வித்து அந்தப் பணத்துல சேவை பண்ற கடை. மூணாவது, போட முடியாத அளவுக்குப் போன துணியை மறுசுழற்சிக்கு எடுக்குற இடம். இந்த மூணாவதை எல்லாரும் மறந்துடுறாங்க, அதனால கிழிசலும் நல்ல மூட்டைக்குள்ளயே போயிடுது.

போன் பண்ணிக் கேக்க வேண்டியது இவ்வளவுதான்: இப்ப எந்தத் துணி தேவை, எது வேணவே வேணாம், சீசன் இல்லாத துணி வாங்கிக்குவீங்களா, எந்த நாள் எந்த நேரம், நீங்க வந்து எடுத்துக்குவீங்களா நாங்க கொண்டு வரணுமா. கேட்டு முடிச்ச கையோட ஒரு தேதியையும் சொல்லிடுங்க. "சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கொண்டு வர்றேன்"னு வாய்விட்டு சொல்லிட்டா மூட்டை கதவுக்குப் பின்னாடி தங்காது. ஒழிக்கிற நாளுக்கும் கொடுக்குற நாளுக்கும் நடுவுல ஒரு வாரம் விட்டா சரியா இருக்கும், துவைச்சுக் காய வைக்க நேரம் வேணும், அதுக்கு மேல விட்டா மனசு மாறிடும்.

குளிர் துணியை இப்ப வாங்கமாட்டோம்னு சொன்னாங்கன்னா, மூட்டையைக் கட்டி வெளிப்பக்கம் தேதி எழுதி, அடுத்த குளிர் தொடங்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடி கொடுக்குற மாதிரி போன் காலண்டர்ல போட்டு வையுங்க. மூட்டை அலமாரிக்குள்ள வேணாம், வேற எங்கயாவது இருக்கட்டும்.

இங்க ஒண்ணு வெளிப்படையா சொல்லிடுறேன். கொடுக்குற துணி எல்லாமே யாரோ ஒருத்தர் உடம்புக்குப் போயிடும்னு நினைக்காதீங்க. சேகரிக்கிற இடத்துல தரம் பிரிப்பாங்க, நல்லதை அங்கயே கொடுப்பாங்க இல்லன்னா விப்பாங்க, அடுத்தது பெரிய பெரிய பேலா கட்டி வேற நாட்டுக்குப் போகும், அதுக்குக் கீழ இருக்குறது மெஷின் துடைக்கிற துணியா, மெத்தைக்குள்ள அடைக்கிற பஞ்சா மாறும், மிச்சம் குப்பை. பழைய துணியைத் திரும்ப நூலாக்கிப் புதுத் துணி பண்றது ரொம்பக் கம்மி, துணிக்குன்னு பயன்படுத்துற மூலப்பொருள்ல 1 சதவீதத்துக்கும் குறைவுதான் அப்படித் திரும்பப் புதுத் துணியா வருதுன்னு எலன் மெக்ஆர்தர் ஃபவுண்டேஷன் 2017-ல போட்ட அறிக்கை சொல்லுது. அதனால "கிழிஞ்சாலும் பரவால்ல, ரீசைக்கிள் பண்ணிக்குவாங்க"ன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையில போடுறது உங்க குப்பையை இன்னொருத்தரைப் பிரிக்க வைக்கிற வேலை.

பேரிடர் நேரத்துல யாரும் கேக்காம துணி அனுப்புறதையும் தவிர்த்திடுங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தோனேஷியாவுல வந்து குவிஞ்ச பழைய துணி பிரிக்க ஆள் இல்லாம கடற்கரையிலயே கிடந்து மக்கிப்போச்சு. அந்த நேரத்துல என்ன வேணும்னு களத்துல இருக்குறவங்க சொல்லுவாங்க, அதைக் கேட்டு அனுப்புறதுதான் சரி.

3. கையில என்னென்ன இருக்கணும்

பெருசா ஒண்ணும் வாங்க வேண்டாம், முக்கியமா புது டப்பா புது ஆர்கனைசர் எதுவும் முன்னாடியே வாங்காதீங்க, எவ்வளவு துணி மிஞ்சும்னே தெரியாம வாங்குற டப்பா அளவு சரியா வராது, கடைசியில டப்பாவுக்கு இடம் தேடுவீங்க.

ஓரளவு கெட்டியான பை அஞ்சாறு, மார்க்கர் பேனா, ஒட்டுற பேப்பர் இல்ல மாஸ்கிங் டேப், கத்தரி, ஊசி நூல், கட்டுறதுக்குக் கொஞ்சம் துணிக்கயிறு, ஆளுயரக் கண்ணாடி. நல்ல வெளிச்சமும் வேணும். கறை பகல் வெளிச்சத்துலதான் தெரியும், ட்யூப்லைட்ல பார்த்து நல்லா இருக்குன்னு எடுத்து வெச்ச வெள்ளைச் சட்டை காலையில பார்த்தா கழுத்துல மஞ்சள் பட்டையா இருக்கும்.

4. முந்தின நாளே அழுக்குக் கூடையைக் காலி பண்ணுங்க

துவைக்கப் போட்டது, அயர்னுக்குப் போனது, கொடியில காயுறது, நாற்காலி மேல மலையா இருக்கே அது, எல்லாமே அலமாரிக்குத் திரும்ப வந்திருக்கணும். இதை விட்டுட்டு ஆரம்பிச்சா உங்க கண்ணுக்குத் தெரியுறது நீங்க போடாத துணி மட்டும்தான், போடுறது எல்லாம் கூடையில இருக்கும். "எனக்குச் சட்டையே இல்லையே"ன்னு நினைச்சு சுமார் ரகத்தையெல்லாம் காப்பாத்தி வெச்சுக்குவீங்க. முதல் தடவை நான் செஞ்ச தப்பு இதேதான், பத்து டி-ஷர்ட் வெச்சுக்கிட்டேன், மறுநாள் துவைச்சு வந்தது இன்னொரு பதினாலு.

5. மொத்தத்தையும் கொட்டாதீங்க, ஒரு வகையா எடுங்க

எல்லாத்தையும் ஒரே நேரத்துல வெளிய எடுக்கச் சொல்ற முறை ஒண்ணு இருக்கு, நாள் முழுக்க தனியா நேரம் இருக்குறவங்களுக்கு அது சரி. மத்தவங்களுக்கு ஒரு வகை, ஒரு மணி நேரம். பேண்ட் எல்லாம் எடுத்து முடிச்சு, மிச்சத்தை உள்ள வெச்சு, கொடுக்குறதைப் பையில போட்டுட்டுத்தான் சட்டைக்குப் போகணும். நடுவுல யாராவது கூப்பிட்டாலும் கட்டில் காலியா இருக்கும்.

ஆனா அந்த வகை முழுசா வந்தாகணும். மாடிப் பெட்டியில இருக்குற பேண்ட், பயணப் பையில மறந்து கிடக்குற பேண்ட், எல்லாம். ஒரே மாதிரி கறுப்பு பேண்ட் ஆறு இருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் தெரியும், தெரிஞ்சாத்தான் சுமாரான நாலை விட மனசு வரும்.

வரிசையும் முக்கியம். மனசு ஒட்டாத வகையில ஆரம்பிங்க: சாக்ஸ், உள்ளாடை, வீட்டுல போடுற டி-ஷர்ட். அப்புறம் பேண்ட், சட்டை. அப்புறம் சீசன் துணி. விசேஷத்துக்குப் போடுறது கடைசி. ஞாபகத்துக்காக வெச்சிருக்குற துணி, முக்கியமா இறந்துபோனவங்களோட துணி, அன்னைக்கு அந்தப் பக்கமே போகாதீங்க. அதுக்குத் தனி நாள் வேணும், தனி மனசும் வேணும், இதோட சேர்த்தா ரெண்டும் கெட்டுடும்.

அடுத்தவங்க துணியை அவங்க இல்லாதப்ப ஒழிக்கிறதும் கூடாது. வீட்டுக்காரர் பழைய சட்டையை ரகசியமா கொடுத்துட்டு அப்புறம் மூணு வருஷம் பேச்சு வாங்கினவங்களை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைங்களுக்கு அளவு பத்தாததை நீங்களே எடுக்கலாம், ஆனா ஓரளவு விவரம் தெரிஞ்ச பிள்ளையா இருந்தா கூட உட்கார வெச்சுக்கோங்க.

6. பிரிக்கிறது

நாலு குவியல் போதும்: வெச்சுக்குறது, கொடுக்குறது, தைக்கணும், போட முடியாதது. "யோசிக்கலாம்"னு அஞ்சாவது குவியல் போட்டீங்கன்னா அதுதான் எல்லாத்தையும் விட பெருசா வளரும்.

ஒவ்வொண்ணையும் கையில எடுத்து ஒரே கேள்வி: நாளைக்குக் காலையில இதைப் போட்டுட்டு வெளிய கிளம்பச் சொன்னா கிளம்புவேனா? "பிடிச்சிருக்கா"ன்னு கேக்காதீங்க, பிடிச்சும் போடாத துணி எல்லாரு வீட்டுலயும் இருக்கு. "நல்லா இருக்கா"ன்னும் கேக்காதீங்க, நல்லா இருக்குறதுதான் கொடுக்கத் தகுதியே.

சந்தேகம் வந்தா போட்டுப் பாருங்க, மேல வெச்சுப் பார்க்குறது கணக்குல சேராது. போட்டுட்டு உட்காரணும், குனியணும், கையைத் தூக்கணும். நின்னுட்டு கண்ணாடியில பார்த்தா எல்லாமே சரியாத்தான் இருக்கும், உட்கார்ந்தா பட்டன் சொல்லிடும் உண்மையை.

எத்தனை வெச்சுக்கணும்னு கேக்குறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: எத்தனை நாளுக்கு ஒருதடவை துவைக்கிறீங்களோ அத்தனை, அதோட மழையில காயாம போற நாளுக்கு மூணு நாலு சேர்த்துக்கோங்க. வாரம் ஒருதடவை துவைக்கிற வீட்டுல தினமும் போடுற சட்டை பத்து பதினொண்ணு இருந்தா எதுவும் குறையாது. முப்பது இருந்தா இருபது சும்மா இடத்தை அடைக்குது. இந்தக் கணக்கு தினசரி துணிக்கு மட்டும்தான்.

மாட்டிக்குற இடம் வழக்கமா மூணு. ஒண்ணு, விலை. இவ்வளவு காசு கொடுத்து வாங்கினேனேன்னு. அந்தக் காசு கடையிலயே போயிடுச்சு, அலமாரியில தொங்குறதால ஒரு ரூபா கூட திரும்பி வராது. ரெண்டு, இளைச்சா போட்டுக்கலாம்ங்கிறது. இதுக்கு நான் சண்டை போடுறதில்ல, ஒரே ஒரு சின்னப் பெட்டி, அதுல எவ்வளவு பிடிக்குதோ அவ்வளவு, மேல தேதி, ஒரு வருஷம். உடம்பு குறைஞ்சா சந்தோஷம், குறையலன்னா பெட்டியோட கொடுத்துடணும். மூணாவது, பரிசா வந்தது. கொடுத்தவங்க சந்தோஷம் கொடுத்த அன்னைக்கே முடிஞ்சிருச்சு, அவங்க வந்து உங்க அலமாரியை எண்ணப்போறதில்ல.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியறதில்ல: பத்திரமா வெச்சா துணி அப்படியே இருக்கும்ங்கிறது எல்லாத்துக்கும் பொருந்தாது. எலாஸ்டிக் போடாமலே தொளதொளன்னு ஆயிடும். தோல் மாதிரி இருக்குமே அந்த பாலியூரித்தேன் பூச்சு உள்ள ஜாக்கெட், ஹேண்ட்பேக், சில ரெயின்கோட்டோட உள்பக்கம், காத்துல இருக்குற ஈரத்தாலயே அந்தப் பூச்சு உடைஞ்சு செதில் செதிலா உரியும். ஷூ அடிப்பாகமும் அப்படித்தான், போடாமலே நாலஞ்சு வருஷம் டப்பாவுல வெச்சிருந்து ஒருநாள் போட்டா நடு ரோட்டுல பிஸ்கட் மாதிரி உதிரும். இந்த மாதிரி சாமானை "அப்புறம் பார்த்துக்கலாம்"னு வைக்கிறதுக்குப் பதிலா நல்லா இருக்கும்போதே கொடுத்தா ஒருத்தர் போட்டுக் கிழிப்பாங்க.

7. தைக்க வேண்டியது: பத்து உருப்படிக்கு மேல வேணாம்

பட்டன் போனது, ஓரம் பிரிஞ்சது, தையல் விட்டது, இதெல்லாம் அன்னைக்கே உட்கார்ந்து முடிங்க. டெய்லர்கிட்ட போக வேண்டியதைத் தனிப் பையில போட்டு செருப்பு விடுற இடத்துலயே வைங்க, அடுத்த தடவை வெளிய போகும்போது கையோட போயிடணும். ரெண்டு வாரத்துல போகலன்னா அது கொடுக்குற குவியல், என்ன குறைன்னு ஒரு சீட்டு எழுதிக் குத்தாம கட்டி அனுப்புங்க, சில இடத்துல தைச்சுக்குற ஆளு இருப்பாங்க. இருக்காங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

8. கொடுக்குற துணியைத் தயார் பண்றது

புதுசா பண்றவங்க அதிகமா சறுக்குற இடம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல பாக்கெட். எல்லா பாக்கெட்டும், உள்பாக்கெட், ஹேண்ட்பேக்கோட ஜிப் அறை, கோட்டு உள்ள லைனிங் கிழிஞ்சு கீழ இறங்கிப்போன சாமான் வரைக்கும் கைவிட்டுப் பாருங்க. பழைய ஜாக்கெட் ஒண்ணை நான் கொடுத்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் பீரோ சாவி ஞாபகம் வந்துச்சு, அப்புறம் பூட்டையே மாத்த வேண்டியதாப்போச்சு. பில்லு, அடையாள அட்டை, மாத்திரை எல்லாம் கிடைக்கும். பேர் எழுதின ஸ்கூல் யூனிஃபார்ம், ஆபீஸ் பேட்ஜ் தைச்ச சட்டை இருந்தா அந்தப் பேரை, பேட்ஜைப் பிரிச்சு எடுத்துடுங்க.

அப்புறம் துவைக்கிறது. சுத்தமா இருக்குன்னு தோணினாலும் ஒருதடவை துவைங்க, மாசக்கணக்குல உள்ள இருந்த வாடை உங்களுக்குப் பழகிப்போயிருக்கும், வாங்குறவங்களுக்குக் குப்புன்னு அடிக்கும். வாசனைக்குன்னு தனியா எதுவும் ஊத்தாதீங்க, நிறைய பேருக்கு அது ஒத்துக்காது.

காய வைக்கிறதுதான் உயிர்நாடி. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா இடுப்புப் பட்டி, பாக்கெட் ஓரம், ஹூடி கழுத்து, ஜீன்ஸ் தையல் இங்கெல்லாம் ஈரம் ஒளிஞ்சிருக்கும். அப்படியே பையைக் கட்டினா ரெண்டு மூணு நாள்ல பூஞ்சை பிடிச்சு அந்த ஒரு துணி மொத்த மூட்டையையும் நாறடிச்சிடும், பிரிக்கிற இடத்துல அப்படி ஒரு மூட்டை வந்தா ஒவ்வொண்ணா பார்க்க நேரமில்லாம மொத்தமா தூக்கிப் போட்டுடுவாங்க. துவைச்சுக் காஞ்சதுக்கு அப்புறம் ஒரு நாள் கூடுதலா காத்துல போட்டுட்டுக் கட்டுங்க.

மூட்டைப்பூச்சி வீட்டுல இருந்தா, இருக்கும்னு சந்தேகம் இருந்தாக்கூட, அது தீர்ற வரைக்கும் எதையும் கொடுக்காதீங்க. சூடு காட்டுற டிரையர் இருந்தா அதிக சூட்டுல அரை மணி நேரம் ஓட விட்டா பூச்சியும் முட்டையும் செத்துடும், ஆனா அந்தத் துணியைத் திரும்ப அதே அறையில வைக்கக்கூடாது.

ஜோடியா போடுறதை ஜோடியா கட்டுங்க. மேல் கீழ் செட்டு, பைஜாமா, பிள்ளைங்க செட்டு எல்லாம் துணிக்கயிறால ஒண்ணாக் கட்டிடணும், ஊக்கு குத்தாதீங்க, துருப்பிடிச்சு ஓட்டை விழும். செருப்பு ஷூவை லேஸாலயே முடிச்சுப் போடுங்க. ஒத்தைக் கால் ஷூவை வெச்சுக்கிட்டு யார் என்ன பண்றது.

9. கொடுக்கக்கூடாதது

போட்ட உள்ளாடை, சாக்ஸ் வேணாம், புதுசுன்னா அட்டை பிரிக்காததா இருக்கணும். பூஞ்சை பிடிச்சது, எண்ணெய் பெயிண்ட் கறை, கக்கத்துல மஞ்சளா விறைச்சுப்போனது, ஸ்ட்ரெச் போய் முழங்கால் தொங்குறது, இதெல்லாம் நாலாவது குவியல். மனசுல வெச்சுக்க ஒரு அளவுகோல்: இதே நிலையில இருக்குற துணியை உங்க கூடப்பிறந்தவங்களுக்கு நேர்ல நீட்டுவீங்களா? கை கூசினா கொடுக்காதீங்க, "இல்லாதவங்கதானே"ன்னு நினைக்கிறது ரொம்ப மோசமான கணக்கு.

நாலாவது குவியல்ல பருத்தித் துணியைத் துடைக்கிறதுக்குக் கிழிச்சுக்கலாம். பாலியஸ்டர் சரிப்படாது, தண்ணியை உறிஞ்சாம தள்ளிக்கிட்டே போகும். கிழிச்ச துணியும் ஒரு பத்து பன்னிரண்டு போதும், இல்லன்னா கரித்துணிக்குன்னு தனியா ஒரு அலமாரி உருவாகிடும், பார்த்திருக்கேன். மிச்சம் மறுசுழற்சிக்கு, அதுவும் காஞ்சு சுத்தமா இருந்தாத்தான் எடுப்பாங்க. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்ல 2025 ஜனவரி முதல் பழைய துணியைத் தனியா சேகரிச்சாகணும்னு சட்டமே வந்துடுச்சு, மத்த இடத்துல நீங்கதான் விசாரிச்சுக் கண்டுபிடிக்கணும்.

10. மூட்டை கட்டி அனுப்புறது

ஒரு பை 8 கிலோவைத் தாண்டக்கூடாது. டி-ஷர்ட் ஒண்ணு சுமார் 150-ல இருந்து 200 கிராம், ஜீன்ஸ் 600-700 கிராம் வரும், அப்ப நாப்பது டி-ஷர்ட் இல்லன்னா பதினோரு ஜீன்ஸ், அதுதான் ஒரு பை. அதுக்கு மேல போனா பை கிழியும், தூக்குறவங்க முதுகும் போகும்.

ஆண், பெண், பிள்ளைங்கன்னு பிரிச்சு, அளவு எழுதி, எத்தனை உருப்படின்னும் எழுதி ஒட்டுங்க. "பிள்ளைங்க, 4-5 வயசு, 18 உருப்படி, மழைக்குப் போடுறது"ன்னு இருந்தா அங்க பிரிக்காமலே நேரா போக வேண்டிய இடத்துக்குப் போயிடும். எழுதாத பையைப் பிரிச்சுப் பார்க்க ஆளு கிடைக்குற வரைக்கும் அது மூலையில கிடக்கும்.

கட்டினதும் வாய் மூடிடணும், திரும்பப் பிரிக்குறதில்லன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிடுங்க. சேகரிப்புப் பெட்டி நிறைஞ்சிருந்தா வெளிய வெச்சுட்டு வராதீங்க, ஒரு மழை போதும் மொத்தமும் குப்பையாக.

11. சீசன் முடிஞ்ச துணியை உள்ள வைக்கிறது

கொடுக்குறது போனதுக்கு அப்புறம்தான் இது, இடம் எவ்வளவு இருக்குன்னு அப்பதான் தெரியும்.

துவைக்காம எதையும் உள்ள வைக்காதீங்க. ஒரே ஒருதடவை போட்டது, அழுக்கே இல்லன்னு வைப்பாங்க. வேர்வை, உடம்பு எண்ணெய், சிந்தின ஜூஸ்ல இருக்குற சர்க்கரை எல்லாம் காய்ஞ்சா கண்ணுக்குத் தெரியாது, மாசக்கணக்குல காத்தோட சேர்ந்து மஞ்சளாகும், அப்புறம் எதுக்கும் போகாது. பூச்சியையும் கூப்பிடும். அந்துப்பூச்சியில பறக்குறது துணியைத் தின்றதே இல்ல, அதுக்குத் தின்னவே தெரியாது, அது போட்ட முட்டையில இருந்து வர்ற புழுதான் கம்பளி, பட்டு, இறகு இதையெல்லாம் தின்னும். பருத்தியை வழக்கமா விட்டுடும், ஆனா வேர்வை, சாப்பாட்டுக் கறை இருந்தா அதையும் கடிக்கும். கஞ்சி போட்டும் வைக்காதீங்க, மாவுச்சத்துன்னா இராமபாணப் பூச்சிக்கு விருந்து.

கம்பளியில ஓட்டை தென்பட்டா பிளாஸ்டிக் பையில காத்துப் போகாம கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல 2 வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் பையைத் திறக்காதீங்க, அறைச் சூட்டுக்கு வந்ததும் திறக்கணும், இல்லன்னா துணி மேல தண்ணி கோத்துக்கும்.

அந்துருண்டை பத்தி. அதோட ஆவிதான் வேலை செய்யுது, அதனால இறுக்கி மூடுற பெட்டியில மட்டும்தான் பலன், திறந்த அலமாரியில போட்டா நீங்கதான் அதை சுவாசிப்பீங்க. கற்பூரத்தையும் நாப்தலின் உருண்டையையும் ஒண்ணாப் போடவே கூடாது, ரெண்டும் சேர்ந்தா உருகி எண்ணெய் மாதிரி துணியில ஊறிக் கறையாகும். ஜரிகை மேலயோ துணி மேலயோ நேரா படாம பேப்பர்ல சுத்தி ஓரமா வைங்க. கைக்குழந்தை துணிக்கு மட்டும் வேணவே வேணாம், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காப்பாத்துற ஒரு நொதி பிறவியிலேயே குறைவா இருக்குறது) உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலின் வாடை ஏறின துணியாலயே ரத்தச் சிவப்பணு உடைஞ்சு ஆபத்தாகும். கொடுக்குற குழந்தைத் துணிக்கும் இதே விதிதான், வாங்குற வீட்டுக் குழந்தைக்கு என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது.

டிரை கிளீனிங்ல இருந்து வர்ற மெல்லிசு பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்ததுமே கழட்டுங்க, அது கொண்டு வர்றதுக்கு மட்டும்தான், உள்ள ஈரம் தங்கும், பிளாஸ்டிக்ல இருக்குற ரசாயனத்தால வெளுத்த துணி மஞ்சளாகவும் வாய்ப்பிருக்கு. பழைய பருத்தித் தலையணை உறை ஒண்ணு போதும், அது நல்லா மூச்சு விடும். காத்தை உறிஞ்சுற வாக்குவம் பை பாலியஸ்டர், பருத்திக்கு ஓகே, இறகு வெச்ச ஜாக்கெட்டை அதுல ரொம்ப நாள் அமுக்கி வெச்சா உப்பாம போயிடும்.

பின்னல் துணியைத் தொங்க விடாதீங்க, சொந்தக் கனத்துலயே நீண்டு தோள்ல கொம்பு முளைச்ச மாதிரி ஆயிடும், மடிச்சு வைங்க, கனமானது அடியில. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டுற இடம்னா பூஞ்சை வரும், அதனால வெளிச்சுவரை ஒட்டின அலமாரியில பெட்டியைச் சுவரோட ஒட்டாம ரெண்டு விரல் தள்ளி வைங்க, சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போடுங்க.

12. திரும்ப அடுக்குறது

தினமும் எடுக்குறது கண் மட்டத்துல, சீசன் இல்லாதது மேல, கனமானது கீழ. பெட்டி மேல உள்ள என்ன இருக்குன்னு எழுதுங்க, "பல சாமான்"னு எழுதினா எழுதாத மாதிரிதான்.

தொங்குற துணி எல்லாத்தையும் ஹேங்கர் கொக்கி உங்களைப் பார்த்த மாதிரி திருப்பி மாட்டிடுங்க. ஒருதடவை போட்டு, துவைச்சு, திரும்ப மாட்டும்போது வழக்கம்போல மாட்டுங்க. சீசன் முடியும்போது இன்னும் உங்களைப் பார்த்துட்டு இருக்குற கொக்கி எது எதுன்னு எண்ணினா ஆறாவது படியில பாதி வேலை முடிஞ்சிருக்கும், போட்டேனா இல்லையான்னு உங்ககூடவே வாக்குவாதம் பண்ண வேண்டாம். மடிச்சு வைக்கிறதுக்கு இதையே வேற மாதிரி பண்ணலாம்: துவைச்சு வந்ததை எப்பவும் வலது பக்கமா வைங்க, போடாதது தானா இடது ஓரத்துக்குத் தள்ளிப்போகும்.

உள்ள வெச்ச கம்பளிப் பெட்டியை மட்டும் ஒரு மாசம் கழிச்சு ஒருதடவை திறந்து மோந்து பாருங்க, அடியில மணல் மாதிரி துகளோ வலை மாதிரி நூலோ இருக்கான்னு கையை விட்டுப் பாருங்க. இருந்துச்சுன்னா அந்த ஒரு பெட்டி மட்டும் ஃப்ரீசருக்குப் போகணும், மத்ததைத் தொட வேண்டாம்.